ஐஸ் இல்லாமல் நின்ற மீன்

பெங்களூரு
12 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

கலைவாணி எழுதுகிறேன். காரியம் முடிந்து இங்கே திரும்பிய நாளிலிருந்து உங்கள் போனுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறேன். நீங்கள் எடுப்பதில்லை. எடுக்க வேண்டாம். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். எழுத்து இருக்கிற காகிதத்தை நீங்கள் கிழிக்கவும் மாட்டீர்கள்.

பதினாறாம் நாள் எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தபோது, "உன் பாட்டில்தான்டி அவர எடுத்துக்கினு போச்சு" என்று என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அண்ணனுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து இரண்டு வருஷம் ஆகிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதனால் துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று சொந்தக்காரர்கள் விட்டுவிட்டார்கள். என்னால் அப்படி விட முடியவில்லை, அண்ணி. நீங்கள் சொன்னது உண்மையாக இருக்கலாம்.

தீபாவளிக்கு வந்தபோது நான் அண்ணனிடம் கொடுத்த பாட்டிலில் இருந்தது மருந்து இல்லை. பாலில் வளர்கிற ஒரு வகைக் கிருமி. நம்மூர் காந்தா அக்கா வீட்டு எருமைத் தயிரிலிருந்துதான் மூன்று வருஷம் உட்கார்ந்து பிரித்தெடுத்தேன். அதைப் பாலில் வளர்த்து, அந்தப் பாலைத் தண்ணீரில் கலந்து, மீனைக் கால் மணி நேரம் முக்கி எடுத்தால், மீனை நாற வைக்கிற மற்ற கிருமிகளை அது தலையெடுக்க விடாது. கானாங்கெளுத்தியை லைட்ஹவுஸ் குப்பத்தில் விடிகாலையில் ஏலம் எடுத்து, மொபெட்டில் பெட்டி கட்டி, ஊர் ஊராகப் போய் விற்கிற அண்ணனுக்கு அது உதவும் என்று நினைத்தேன். ஆய்வுக்கூடத்தில் யாரிடமும் கேட்காமல் எடுத்து வந்தேன்.

கானாங்கெளுத்தியில் ஒரு ஆபத்து உண்டு. வெயிலில் கிடந்தால் அதன் சதையில் ஹிஸ்டமின் என்கிற நஞ்சு ஊறும். அதற்கு வாசனை கிடையாது. குழம்பில் கொதித்தாலும் போகாது. நல்ல உடம்புக்காரனுக்கு உடம்பு சிவந்து அரிக்கும், வாந்தி வரும், மறுநாள் சரியாகிவிடும். இதயநோய் உள்ளவனுக்கு அப்படி இல்லை, உயிரே போகலாம். தயிர்க் கிருமிகளில் சிலவே இந்த நஞ்சை உண்டாக்கும். என்னுடையது உண்டாக்காது என்று சோதித்துப் பார்த்துத்தான் கொடுத்தேன். ஆனால் நான்கு மாதம் பானைக்குப் பானை மாறி வந்ததில் அது என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

அண்ணன் கடைசியாகக் கலக்கிய பானையிலிருந்து ஒரு கரண்டி எனக்கு வேண்டும். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அண்ணனைக் கொன்றது நானா என்று தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை.

பிள்ளை வளர்மதி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

உங்கள்
கலைவாணி


பழவேற்காடு
2.5.2025

கலை,

உன் கடுதாசி வந்தது. நலமா என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை, அதுவரைக்கும் நல்லது.

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். கிருமி, நஞ்சு, சோதனை. அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்டாயா? காரியத்துக்கு வந்து பதினாறு நாள் இருந்தாய். யாருமே கேட்கவில்லை. ஹார்ட்டு என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதோடு சரி. நான் சொல்கிறேன், கேள்.

ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணிக்கு வந்தார். பெட்டியில் நாலு மீன் மிச்சம். செவுளைத் தூக்கி என் மூக்குக்கு நேராகக் காட்டினார். "மோந்து பாரு. இப்பதான் வலையிலேருந்து எடுத்த மாரி இல்ல?" என்றார். நிஜமாகவே நாறவில்லை. நான் பிறந்ததிலிருந்து மீன் ஆய்கிறவள். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த மீன் எத்தனை மணிக்குச் செத்தது என்று மூக்கால் சொல்லுவேன். என் மூக்குக்கே தெரியவில்லை. புளி கரைத்துக் குழம்பு வைத்தேன். வளர்மதி கானாங்கெளுத்தி தொடமாட்டாள், உனக்குத் தெரியும். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நான் உட்காருவேன்.

இரண்டாவது மீனில் கை வைத்தவர், "இன்னாடி, வூட்ல இருக்கிற மொளகாய எல்லாம் இதுலயே கொட்டிட்டியா, நாக்கு எரியுது" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு நாளாவது வாய மூடிக்கினு துன்றியா நீ" என்றேன். அவர் சிரித்தார். மீதியையும் சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் முகம், கழுத்து, காது எல்லாம் வெயிலில் நின்றவர் மாதிரி சிவந்துவிட்டது. தலை வலிக்கிறது என்றார், வாந்தி எடுத்தார். ஆட்டோவில் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே என் மடியில் சாய்ந்துவிட்டார். நான் அவரோடு கடைசியாகப் பேசின பேச்சு அதுதான், வாயை மூடிக்கொண்டு தின்னு என்றது. அதை எந்த மிஷினில் வைத்துச் சோதிப்பாய்?

உன் பாட்டில் காலியான பிறகும் அதைக் கழுவி சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் என் தங்கச்சி கண்டுபிடிச்சது என்பார். மொபெட்டை நிறுத்தி நிறுத்திச் சொல்லுவார். மீன் வாங்க வந்தவள் அலுத்துப்போய் எடை போடு சாமி என்பாள்.

நீ கேட்கிற பானை இல்லை. கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

நான் மறுபடியும் ஏரியில் இறங்குகிறேன். இடுப்பளவு தண்ணீரில் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு கையால் இறால் தடவுகிறேன். எங்கம்மா செய்த வேலை. உங்கண்ணன் என்னைக் கரையேற்றினார், நான் திரும்ப இறங்கிவிட்டேன். சேறு பட்டு விரல் இடுக்கெல்லாம் புண். அதனால்தான் எழுத்து இப்படி இருக்கிறது.

ராஜாத்தி


பெங்களூரு
14 மே 2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஒரே நாளில் படித்து முடிக்க முடியவில்லை. நாக்கு எரிகிறது என்று அண்ணன் சொன்ன இடத்தில் மடித்து வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துத்தான் மறுபடி எடுத்தேன். நஞ்சு ஊறிய மீனுக்கு அந்தக் காரம் உண்டு. நீங்கள் மிளகாய் அதிகம் போடவில்லை, அண்ணி. அதை மட்டும் நம்புங்கள்.

வளர்மதி நேற்று போன் செய்தாள். அவளைத் திட்டாதீர்கள், நான்தான் கேட்டேன். பானையை அம்மா கழுவவில்லை, தினமும் பால் காய்ச்சி ஆற வைத்து உறை ஊற்றுகிறாள், யாரையும் தொட விடுவதில்லை என்றாள். இல்லை என்று எனக்கு ஏன் எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை. என்னை நம்பிக் கொடுக்க உங்களுக்கு என்ன காரணம் இருக்கிறது?

நானும் ஒன்றை மறைத்தேன். அதைச் சொல்லிவிட்டால் நீங்கள் எனக்குப் பானை தருவது நின்றுபோகும் என்று முதல் கடிதத்தில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மீனை முக்கி எடுத்த பிறகு ஐஸில்தான் வைக்க வேண்டும். என் கிருமி ஐஸுக்குத் துணைதான், ஐஸுக்குப் பதில் இல்லை. தீபாவளியன்று அண்ணனிடம் அதைச் சொன்னேன். அவரும் தலையாட்டினார். ஆனால் டிசம்பரில் ஒரு நாள் மத்தியானம் போன் செய்தார். "இன்னா பாப்பா, ஐஸே இல்லாம நிக்குதே. மூணு மணிக்கும் செவுள் ரத்தமா இருக்குது. இனிமே பெட்டி முழுக்க மீனே ஏத்தலாம் போல" என்றார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஐஸ் போடு அண்ணா, நாறாததால் நல்ல மீன் என்று அர்த்தமில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும். படித்தவள். சம்பளம் வாங்கிக்கொண்டு அதைத்தான் படிக்கிறவள். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "சரியா எத்தனை மணி நேரம்ணா நின்னுச்சு?" என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டேன். இங்கே குளிர் அறையில் வைத்து நான் செய்ததை விட அது நல்ல கணக்காக இருந்தது. அண்ணனின் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை.

அந்த நோட்டு என் மேசையில்தான் இருக்கிறது.

கலைவாணி


பழவேற்காடு
1.6.2025

கலை,

தெரிந்தே விட்டிருக்கிறாய்.

அவர் என்ன எலியா, எத்தனை மணி நேரம் என்று குறிப்பதற்கு? உன்னைப் படிக்க வைக்க அவர் பள்ளிக்கூடத்தை விட்டார். நீ காலேஜ் போகிறபோது உனக்கு பஸ் பாஸ் எடுக்க அவர் ஏரியில் நண்டு பிடித்தார். நண்டு கவ்வி அவருடைய இடது கை சுண்டுவிரல் மடங்காமல் போனது உனக்காகத்தான். ஐஸ் போடு அண்ணா என்று மூன்று வார்த்தை. உன் வாயில் இன்னா இருந்தது அன்றைக்கு?

பானை தரமாட்டேன். வளர்மதியிடம் இனிமேல் பேசாதே. எழுதவும் எழுதாதே.

எழுதின பிறகு இரண்டு நாள் இதைத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். உனக்கும் அவர்தானே அண்ணன் என்று நினைப்பு வந்தது. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று இன்றைக்குப் போடுகிறேன்.

ராஜாத்தி


பெங்களூரு
22 ஜூன் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

எழுதாதே என்றீர்கள். என் மனசு ஆறட்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் சொன்னது எல்லாம் எனக்குத் தகும். ஒன்றையும் மறுக்கவில்லை.

வேறு ஒரு காரியம். எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து தெற்கே மூன்று கடற்கரை ஊர்களில் மீன் விற்கிற பெண்களுக்கு இந்தக் கிருமியைக் கொடுக்கப் போகிறார்கள். செப்டம்பரில் ஆரம்பம். நூற்றுக்கு மேல் பெண்கள் இருப்பார்கள். தலையில் கூடை சுமப்பவர்கள், ஷேர் ஆட்டோவில் போகிறவர்கள், அண்ணன் மாதிரி வெயிலில் அலைகிறவர்கள். இது பாதுகாப்பானது என்று ஆகஸ்ட் முடிவதற்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணனுக்குப் பாட்டில் கொடுத்தது இங்கே யாருக்கும் தெரியாது. என் கிருமியே பானையில் இருந்து இருந்து நஞ்சு உண்டாக்குவதாக மாறியிருந்தால், நான் கையெழுத்துப் போடும் தாள் எத்தனை வீட்டுக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பானையைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட மறுத்துவிடலாம். ஏன் என்று கேட்பார்கள். என்னிடம் சொல்வதற்குச் சந்தேகம் மட்டும்தான் இருக்கும். சந்தேகத்தை இங்கே யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்குப் பதில் வேறொருவர் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான் நடக்கும்.

உங்களிடம் இருக்கிற அந்தப் பானை ஒன்றுதான் எனக்குப் பதில் சொல்லும். எனக்காக வேண்டாம், அண்ணி. பெட்டியில் மிச்சமான நாலு மீனை வீட்டுக்குக் கொண்டுபோகிற யாரோ ஒருவருக்காகக் கொடுங்கள்.

கலைவாணி


பழவேற்காடு
9.7.2025

கலை,

நண்டு லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போகும் சுரேஷிடம் ஒரு டப்பா கொடுத்தனுப்புகிறேன். ஐஸில் வைத்துத்தான் அனுப்புகிறேன். அவர் கலக்கின பானையிலிருந்து எடுத்தது. இந்தக் கடுதாசியும் அவனிடமே. முதலில் இதைப் படி. அதற்குப் பிறகு டப்பாவைத் திற.

அது உன்னுடையது இல்லை.

பத்து நாளாக இந்த ஒரு வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன். இனி மீதியைச் சொல்லிவிடுவேன்.

பொங்கல் வேலை உனக்குத் தெரியும். வீடு ஒழிப்பது, வெள்ளை அடிப்பது, ஆள் வருவது போவது. போகிக்கு முதல் நாள் பாலைக் காய்ச்சி ஆற வைக்கப் பொறுமையில்லாமல் சுடச்சுட ஊற்றிவிட்டேன். மறுநாள் பார்த்தால் பால் பாலாகவே இருக்கிறது. இன்னொரு நாள் விட்டுப் பார்த்தேன். திரிந்து தண்ணீர் தண்ணீராகப் போனது. உன் உறை செத்துவிட்டது. பாட்டிலில் ஒரு சொட்டு இல்லை. அவர் அதைச் சாமிக்குச் சமானமாக வைத்திருக்கிறார். பொங்கலுக்கு உனக்குப் போன் போட்டு அரை மணி நேரம் அதைப் பற்றித்தான் பேசினார். நான் கெடுத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்லுவேன்? அடிக்கிற மனிதர் இல்லை. முகம் வாடிவிடும். அதுதான் எனக்கு பயம்.

உறை செத்துப்போனால் நம்ம வீடுகளில் என்ன செய்வோம்? பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்கி ஊற்றுவோம். காந்தா வீட்டுக்குப் போனேன். விளக்கு வைத்துவிட்டேன், இப்ப உறை குடுக்கக்கூடாது, காலையில வா என்றாள். விடிந்ததும் போய் வாங்கி வந்தேன். என் மனசில் கள்ளம் இல்லை, கலை. நீயே சொல்லியிருக்கிறாய், உன் கிருமியை எடுத்ததே காந்தா வீட்டுத் தயிரிலிருந்து என்று. தீபாவளிக்கு வந்தபோதும் சொன்னாய். அப்படியென்றால் தாய் அங்கே இருக்கிறது, பிள்ளை இங்கே செத்துவிட்டது, தாயிடமே வாங்கினால் போகிறது என்று நினைத்தேன். அது தப்பு என்று எனக்கு எப்படித் தெரியும்?

அழகாக உறைந்தது. மீனும் நாறவில்லை. அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. நிம்மதியாகிவிட்டேன். இரண்டு மாதம் அவர் ஊர் ஊராகப் போய், என் தங்கச்சி கண்டுபிடிச்சது என்று காந்தா வீட்டுத் தயிரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சில நாள் எனக்குச் சிரிப்புகூட வந்திருக்கிறது.

அவர் முகம் சிவந்ததைப் பார்த்தபோதே எனக்கு உறைத்தது. ஆட்டோவில் போகும்போது அவர் நெஞ்சை நீவிக்கொண்டே சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். சொல்லவில்லை. பதினாறாம் நாள் உன் மேல் பாய்ந்தேனே, நீ என்னைக் கேட்பதற்கு முன்னால் நான் உன்னைக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் பாய்ந்தேன். பந்தி வைத்த இடத்தில் அத்தனை பேருக்கு முன்னால் உன்னைக் குற்றவாளியாக்கினேன். நீ தலையைக் குனிந்துகொண்டு எச்சில் இலை எடுத்தாய். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கழுவிவிட்டேன் என்று பொய் எழுதினதும் இதற்காகத்தான். நீ சோதித்தால் தெரிந்துவிடும். கொட்டவும் முடியவில்லை. அவர் கை பட்ட பானை. கடைசியாகக் கலக்கினது அவர். தினமும் ஒரு ஆழாக்குப் பால் ஊற்றி உயிரோடு வைத்திருக்கிறேன். எதை உயிரோடு வைத்திருக்கிறேன் என்று தெரிந்தேதான் வைத்திருக்கிறேன்.

உன் அண்ணனைக் கொன்றது நீ இல்லை. நிம்மதியாகக் கையெழுத்துப் போடு.

ராஜாத்தி


பெங்களூரு
27 ஜூலை 2025

அன்புள்ள அண்ணிக்கு,

டப்பா பத்திரமாக வந்தது. சுரேஷ் வழியெல்லாம் மூன்று முறை ஐஸ் மாற்றியதாகச் சொன்னான்.

கடிதத்தைப் படித்துவிட்டு அன்று வேலைக்குப் போகவில்லை. நானாக இல்லை என்று தெரிந்தவுடன் எனக்கு ஒரு நிமிஷம் மூச்சு வந்தது, அண்ணி. அதை உங்களிடம் மறைக்கவில்லை. அடுத்த நிமிஷம் நீங்கள் நான்கு மாதம் இதை வைத்துக்கொண்டு ஏரியில் இறங்கியதும், வளர்மதிக்குச் சோறு போட்டதும் நினைவுக்கு வந்தது. அந்த மூச்சு நின்றுவிட்டது.

சோதித்தேன். சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்காமல். பானையில் என் கிருமி இல்லை. காந்தா அக்கா வீட்டுத் தயிரில் நூறு வகை இருக்கின்றன. நான் எடுத்தது அதில் ஒன்று. நஞ்சு உண்டாக்குகிற வகையும் அதே தயிரில் இருக்கிறது. சோற்றில் பிசைந்து சாப்பிட்டால் அது ஒன்றும் செய்யாது, மூன்று தலைமுறையாக அந்தத் தயிரை ஊரே சாப்பிடுகிறது. கானாங்கெளுத்திச் சதையோடும் வெயிலோடும் சேர்ந்தால்தான் அதற்கு வேலை. காந்தா அக்காவிடம் எதுவும் சொல்லாதீர்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை.

இன்னொன்றும் செய்தேன். அதை நீங்கள் என்னைச் செய்யச் சொல்லவில்லை. இங்கே சந்தையில் கானாங்கெளுத்தி வாங்கி, பாதியை உங்கள் பானைப் பாலிலும் பாதியை என் கிருமி வளர்த்த பாலிலும் முக்கி, அண்ணன் அலைகிற அளவு நேரம் ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்தேன். இரண்டும் நாறவில்லை. உங்கள் பானையில் முக்கிய மீனில் நஞ்சு நிறைய இருந்தது. என்னுடையதில் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. என் கிருமி அதை உண்டாக்கவில்லை, மீனிலேயே இருக்கிற வேறு கிருமிகள் உண்டாக்கின. நாற்றத்தைத் தடுத்ததே தவிர, அவற்றை என் கிருமி தடுக்கவில்லை. இரண்டு பாலிலும் முக்கி ஐஸில் தனியாக வைத்த மீனில் நஞ்சே இல்லை.

அந்தப் பாதி அண்ணனுக்குப் போதுமாக இருந்திருக்குமா? எனக்குத் தெரியாது. அந்த நெஞ்சுக்குப் போதும் என்றும் சொல்லலாம், பிழைத்திருப்பார் என்றும் சொல்லலாம். எந்த மிஷினும் அதைச் சொல்லாது. நீங்கள் உறையை மாற்றினீர்கள், நான் ஐஸை விட்டுவிட்டேன். இரண்டில் ஒன்று நடக்காமல் இருந்திருந்தாலும் அண்ணன் இருந்திருக்கலாம். உங்களை ஆற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஆற்றுவது மாதிரி இதில் ஒன்றும் இல்லை.

பாட்டிலை எடுத்து வந்ததை ஆய்வுக்கூடத் தலைவரிடம் சொல்லிவிட்டேன். தெற்கே கொடுப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். என்ன நடந்தது என்று முழுதாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். எனக்கு இங்கே வேலை இருக்குமா என்பது அதற்கப்புறம்தான். அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

என் தப்பை முழுதாக எழுதுவேன். உறை எப்படி மாறியது என்கிற இடத்தில் மட்டும், வீட்டில் தெரியாமல் கலந்துவிட்டது, யார் என்று தெரியவில்லை என்று எழுதிவிடுகிறேன். உங்கள் கடிதத்தை யாருக்கும் காட்டமாட்டேன். வளர்மதி பெரியவளாகி இதை எங்காவது படிக்கக்கூடாது.

சம்மதம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

கலைவாணி


பழவேற்காடு
17.8.2025

கலை,

சம்மதம் இல்லை.

யார் என்று தெரியவில்லை என்று எழுதினால், படிக்கிறவன் ஏதோ கைத்தவறு, எங்கேயோ யாரோ செய்தது, நமக்கு வராது என்று போய்விடுவான். அந்த நூறு பெண்களும் என்னை மாதிரிதான். பொங்கல் வேலையில் உறையைச் சாகடிப்பாள். புருஷன் முகம் வாடும் என்று பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போவாள். ஒருத்தியாவது போவாள், நீ எழுதி வைத்துக்கொள். அப்படிப் போகாதே என்று அவளிடம் சொல்ல வேண்டுமென்றால், போனவள் ஒருத்தி இருந்தாள், அவளுக்கு இது நடந்தது என்று சொல்ல வேண்டும். பேரில்லாமல் சொன்னால் நம்பமாட்டார்கள். நானே நம்பமாட்டேன்.

உன் ஐஸையும் எழுது. அதை மறைக்காதே. எத்தனை மணி நேரம் என்று கேட்டாயே, அதையும் எழுது.

பானையை ஏரியில் கொட்டிக் கழுவிவிட்டேன், இந்தத் தடவை நிஜமாக.

வளர்மதி எங்கேயோ படித்துத் தெரிந்துகொள்ளக்கூடாது என்றாய். சரிதான். அதனால் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றிவிட்டு மிட்டாயோடு வந்தவளை உட்கார வைத்து நானே சொல்லிவிட்டேன். பால் சூடாக ஊற்றியதிலிருந்து, ஆட்டோ வரைக்கும். உன் ஐஸையும் சொன்னேன். உன்னை விட்டுவிட்டு என்னை மட்டும் சொன்னாலும் பொய்தான், என்னை விட்டுவிட்டு உன்னைச் சொன்னாலும் பொய்தான். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை. யார் பக்கம் நிற்கும்?

அவள் அழவில்லை. ரொம்ப நேரம் மிட்டாய்க் காகிதத்தை மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். "நைனாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாதுடி. கடசி வரைக்கும் ஒன் அத்த குடுத்ததுனுதான் நெனச்சுக்கினு இருந்தாரு" என்றேன்.

அப்போதுதான் அழுதாள். நான் தொடப் போனேன், தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு நாளாகிறது. என்னோடு பேசவில்லை. தட்டில் போட்டால் சாப்பிடுகிறாள், ஏதோ அதுவரைக்கும் இருக்கிறது. உனக்கும் போன் செய்யமாட்டாள் என்று நினைக்கிறேன். செய்தால் எடு. இன்னா கேட்டாலும் உள்ளதைச் சொல்லு.

ராஜாத்தி, விமல் மனைவி, பழவேற்காடு என்று எழுது. அதற்குக் கீழே உன் பேரை எழுது.

ராஜாத்தி